'வயசாச்சு' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



 

பொன்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் காக்கா கேட்டபோது, 'வியாபாரத்தில் இளைய தலைமுறை' என்றுதான் எங்களுக்குத் தலைப்புக் கொடுத்தார். நாங்கள் தலைப்பை மாற்றித் தரும்படி கேட்டோம். கண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்றோம். "நீங்க மளிகைக் கடைக்காரர்களாச்சே, தம்பி" என்றார். உண்மைதான். அண்ணன் தம்பி இருவரும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் டிப்ளோமா வாங்கிக்கொண்டு, மர்ஹூம் வாப்பாவின் கடைக்கு வந்து உட்கார்ந்தவர்கள். மருத்துவம் படித்தவர்கள் அல்ல. மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும், பேசுவது இருவருடைய பேச்சு. எங்கள் வீட்டில் நடந்தது எங்கள் கடை வழியாக நடந்தது. ஆகவே கடைக்காரர்களே அதைச் சொல்வதுதான் முறை என்று நினைத்தோம்.

எங்கள் உம்மாவுக்கு இப்போது 64 வயது. நீரிழிவு பத்து ஆண்டுகளாக உண்டு. மாத்திரையில் ஓரளவு அடங்கியிருந்தது. அவர்களுக்குப் பெரிய தொல்லை முழங்கால் வலிதான். மூன்று ஆண்டுகளுக்கு முன், சரக்குப் போடும் ஒருவர் மூட்டு வலிக்கு என்று மூலிகை மாத்திரைப் பொட்டலங்களைக் கொண்டுவந்தார். பச்சை இலை படம் போட்ட பொட்டலம். உள்ளே என்ன இருக்கிறது என்று சரியாக எழுதியிருக்கவில்லை. யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்ற விவரமும் இல்லை. நாங்கள் அதைக் கேட்கவில்லை. தைலப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்தோம். முதல் பொட்டலத்தை உம்மாவிடம்தான் கொடுத்தோம்.

இரண்டே நாளில் வலி போய்விட்டது. அந்த ரமலானில் உம்மா தராவீஹ் முழுவதும் நின்று தொழுதார்கள். பார்த்த எங்களுக்குக் கண் கலங்கியது. உம்மா தம் தோழிகளிடமெல்லாம் சொன்னார்கள். பொட்டலம் நன்றாக விற்றது. சில மாதங்களில் உம்மாவின் முகம் உருண்டு திரண்டு வந்தது. "உடம்பு தேறிட்டீங்க, மாஷா அல்லாஹ்" என்று கல்யாண வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். பசியும் நன்றாக எடுத்தது. நாங்களும் மகிழ்ந்தோம்.

அதற்குப் பிறகுதான் கண். எட்டு மாதத்தில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றினோம். மாற்றிய கண்ணாடி ஒரு மாதம் சரியாக இருக்கும், பிறகு மறுபடி மங்கும். இரவில் எதிரே வரும் காரின் விளக்கு கண்ணைக் குத்துகிறது என்றார்கள். நடுப்பகலில் புளோக்கின் கீழே நிற்பவர் யார் என்று தெரியாது, ஆனால் மாலையில் சற்றுத் தெரியும். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்பார்கள், அதே சமயம் நீர் வழிந்துகொண்டே இருக்கும். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "வயசாச்சுல்ல, வாப்பா."

நாங்களும் அதை ஏற்றுக்கொண்டோம். வயது என்ற ஒரு சொல் எங்களுக்கும் வசதியாக இருந்தது.

கண்டுபிடித்தது எங்கள் வீட்டின் ஏழு வயதுப் பிள்ளை. ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு அது ஓடி வந்து, "நன்னி ரொம்ப நேரமா ஓதுறாங்க, ஆனா பக்கத்தைத் திருப்பவே இல்லை" என்றது. போய்ப் பார்த்தோம். உம்மா குர்ஆனை ரைஹாலில் விரித்து வைத்துக்கொண்டு மனனத்திலிருந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். எழுத்துத் தெரியாமல் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டோம். "நோன்புப் பெருநாளிலிருந்து" என்றார்கள். அதற்குள் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மூன்றாவது கண்ணாடி வாங்கத்தான் அழைத்துப் போனோம். அந்தக் கடையில் கண் சோதித்த பெண்மணி, "இது கண்ணாடியால் தீராது, மருத்துவரிடம் போங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். மருத்துவமனையில் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணின் அழுத்தம் 32. பொதுவாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது அது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைச் சோதனை 10.4 விழுக்காடு. மருத்துவர் கேட்டார்: "ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடுகிறார்களா?" இல்லை என்றோம். மறுபடி கேட்டார். இல்லவே இல்லை என்றோம். மூன்றாவது தடவை வேறு விதமாகக் கேட்டார்: "நாட்டு மருந்து, மூலிகை, வலிக்கு ஏதாவது?" உம்மா கைப்பையைத் திறந்து அந்தப் பச்சை இலைப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்கள்.

எங்கள் கடையின் விலைச் சீட்டு அதில் ஒட்டியிருந்தது.

அன்பானவர்களே, அந்த மாத்திரையில் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருந்தது என்பது பிறகு உறுதியாயிற்று. அன்றிலிருந்து நாங்கள் படிக்கத் தொடங்கினோம். மருத்துவரிடம் கேட்டோம், கேட்டதை எழுதி வைத்துக்கொண்டோம். எங்களுக்குப் புரிந்ததை உங்களிடம் எளிதாகச் சொல்கிறோம்.

ஹார்மோன் என்ற சொல்லை 1905ல் லண்டன் பேராசிரியர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உடம்பின் ஒரு சுரப்பி மிகச் சிறிய அளவில் ஒரு நீரைச் சுரக்கும். அது இரத்தத்தோடு போய், தூரத்தில் இருக்கும் வேறோர் உறுப்பை வேலை செய்ய வைக்கும். மின்னணுவியல் படித்த எங்களுக்கு இது உடனே விளங்கியது. சிக்னல் சிறியது, அது நடத்தி வைக்கும் வேலை பெரியது. சிக்னல் கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். கண்ணும் இந்தச் சிக்னல்களுக்குக் கட்டுப்பட்டதுதான். வயதான காலத்தில் கண்ணுக்கு வரும் தொல்லைகளில் மூன்று ஹார்மோன்களின் கணக்கு இருக்கிறது. எங்கள் உம்மாவின் கண்ணில் மூன்றும் ஒன்று சேர்ந்திருந்தன.

முதலாவது இன்சுலின். இதையும் ஹார்மோன் என்று நம்மில் பலர் நினைப்பதில்லை, ஊசி மருந்து என்றே நினைக்கிறோம். கணையம் சுரக்கும் ஹார்மோன் அது. 1921ல் கனடாவின் டொராண்டோ நகரில் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டார்கள். இன்சுலின் போதாமல் போனாலும், இருந்தும் உடம்பு அதற்குச் செவிசாய்க்காமல் போனாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரை கண்ணின் வில்லைக்குள்ளும் புகுகிறது. அங்கே அது வேறு பொருளாக மாறித் தண்ணீரை இழுக்க, வில்லை ஊதுகிறது. கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுவது இதனால்தான். எட்டு மாதத்தில் இரண்டு கண்ணாடி மாற்றினோமே, அப்போதே சர்க்கரையைப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் கண்ணாடியின் சட்டத்துக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதைவிடப் பெரிய கேடு பின்னால் இருக்கும் விழித்திரைக்கு. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சர்க்கரையால் பழுதாகிக் கசிகின்றன. முற்றினால் புதிய, வலுவற்ற குழாய்கள் முளைத்து உடைகின்றன. தொடக்கத்தில் வலி இல்லை, மங்கல் இல்லை, ஒன்றுமே தெரியாது. தெரியவரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. 2017ல் தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றியே நீண்ட நேரம் பேசினார். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 10 பேருக்கு 6 பேர், மலாய்க்காரர்களில் 10 பேருக்கு 5 பேர் என்று கணக்குச் சொன்னார். நம் சங்கக் குடும்பங்களில் பல, இரண்டு இரத்தமும் கலந்தவை. ஆகவே எந்தக் கணக்கில் சேர்த்தாலும் நாம் தப்பவில்லை. அதற்கு முன்பே, 2007 முதல் 2009 வரை, சிங்கப்பூரில் 40 வயதைக் கடந்த 3,400 இந்தியர்களின் கண்களைச் சோதித்து ஓர் ஆய்வு நடந்தது. நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ 10 பேருக்கு 3 பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது.

ஆனால் நம்பிக்கைக்கும் இடம் உண்டு. பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1998ல் வந்தது. சர்க்கரைச் சராசரி 7.9 விழுக்காடாக இருந்தவர்களோடு 7 விழுக்காட்டுக்கு இறக்கி வைத்தவர்களை ஒப்பிட்டார்கள். இறக்கி வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் நுண்குழாய்க் கேடு 25 விழுக்காடு குறைவு. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசம், கால் பங்கு கேட்டைத் தடுத்திருக்கிறது. வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பெண்களின் ஹார்மோன். இதை மேடையில் பேசுவதா என்று நாங்கள் தயங்கினோம். எங்கள் வீட்டுப் பெண்கள்தான், "நீங்க பேசாததால்தான் உம்மா யாரிடமும் சொல்லவில்லை" என்றார்கள். ஆகவே மரியாதையோடு சொல்கிறோம்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வெகுவாகக் குறைகிறது. உடம்பு தீயாய் எரிவது, தூக்கமின்மை எல்லாம் நமக்குத் தெரியும். கண்ணும் அதில் மாறுகிறது என்பது தெரியாது. நம் இமைகளின் ஓரத்தில் வரிசையாகச் சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் எண்ணெய், கண்ணீர் காய்ந்துவிடாமல் மேலே மெல்லிய படலமாக மூடுகிறது. அந்தச் சுரப்பிகளை நடத்துவதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. அதன் பெயர் ஆணுக்கு உரியதுபோல் இருந்தாலும் பெண்களுக்கும் அது சுரக்கிறது, வயது ஏற ஏற இரு பாலாருக்கும் குறைகிறது. எண்ணெய் குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் காய்கிறது, கண் உறுத்துகிறது. உறுத்தலைத் தணிக்கக் கண் நீரைக் கொட்டுகிறது. 'கண்ணில் நீர் வழிகிறது, இது எப்படி வறட்சியாகும்?' என்று நாங்களும் கேட்டோம். வழியும் அந்த நீரில் எண்ணெய் போதவில்லை, அதனால் அது கண்ணில் தங்குவதில்லை என்று மருத்துவர் விளக்கினார்.

அப்படியானால் ஹார்மோன் மாத்திரை போட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். 2001ல் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 25,665 பெண்களின் விவரங்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கண் வறட்சி, சாப்பிடாதவர்களைவிட ஏறத்தாழ 70 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது. குறைந்த சிக்னலை நாமாகக் கூட்டினால் உறுப்புகள் நாம் நினைத்தபடி நடப்பதில்லை. அந்த மாத்திரை சிலருக்கு வேறு காரணங்களுக்காகத் தேவைப்படலாம், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கண்ணுக்காக என்று யாரும் சாப்பிட வேண்டாம்.

இன்னொன்று. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் செய்த ஆய்வில், 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண் அழுத்த நோய் அதிகமாகக் காணப்பட்டது. நம் வீட்டுப் பெண்களில் யாருக்காவது அப்படி முன்கூட்டியே நின்றிருந்தால், அல்லது அறுவை சிகிச்சையில் சினைப்பைகளை எடுத்திருந்தால், கண் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். கண்ணுக்கும் இதற்கும் என்ன என்று விட்டுவிடாதீர்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது கார்டிசால். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன் இது. ஸ்டீராய்டு மருந்து என்பது இந்த ஹார்மோனின் செயற்கை வடிவம். 1948ல் அமெரிக்காவில் மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்கு இதன் இனத்தைச் சேர்ந்த கார்டிசோனை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950ல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது அருமையான மருந்து, சந்தேகமில்லை. ஆஸ்துமாவிலும் வேறு பல நோய்களிலும் இன்றைக்கும் உயிரைக் காக்கிறது. ஆனால் 1960ல், அதை நீண்ட காலம் சாப்பிட்ட மூட்டுவாத நோயாளிகளின் கண்ணில் புரை வருவதை அமெரிக்க மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். அந்தப் புரை வில்லையின் பின்பக்கத்தில் வருகிறது. அதனால்தான் வெயிலில் மங்கும், நிழலில் சற்றுத் தெரியும், கார் விளக்கு குத்தும். உம்மா சொன்னது ஒவ்வொன்றும் புத்தகத்தில் இருந்தது.

ஸ்டீராய்டு இன்னும் இரண்டு வேலை செய்கிறது. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வடிகாலை அடைக்கிறது, அதனால் சிலருக்கு அழுத்தம் ஏறுகிறது. இன்சுலினை எதிர்த்து நின்று சர்க்கரையையும் ஏற்றுகிறது. ஆக, ஒரே மாத்திரை உம்மாவுக்குப் புரையும் தந்தது, அழுத்தமும் தந்தது, சர்க்கரையையும் கட்டவிழ்த்துவிட்டது. அந்த உருண்ட முகம் உடம்பு தேறியதன் அடையாளம் அல்ல, ஸ்டீராய்டின் அடையாளம். அதைப் பார்த்துத்தான் நாம் மாஷா அல்லாஹ் என்றோம்.

இப்படிக் கலப்படம் செய்த வலி மாத்திரைகளைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அந்தச் செய்திகள் வந்த பத்திரிகையை நாங்கள் கடையில் விற்றோம், படிக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றே தட்டைக் காலி செய்தோம். ஆணையத்துக்குத் தெரிவித்து மிச்சமிருந்ததை ஒப்படைத்தோம். சரக்குப் போட்டவரின் தொலைபேசி அதற்குப் பிறகு ஒலிக்கவே இல்லை. வாப்பா காலத்திலிருந்து பழைய வாடிக்கையாளர்களுக்கு 555 நோட்டில் பற்று எழுதும் பழக்கம் எங்கள் கடையில் இன்னும் உண்டு. அந்த நோட்டைப் புரட்டி, பொட்டலம் வாங்கியவர்கள் யார் யார் என்று எடுத்தோம். 23 பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனோம்.

முதலில் சொல்லக் கற்றுக்கொண்டது இது: "உடனே நிறுத்திவிடாதீர்கள்." நாங்கள் நிறுத்தச் சொல்லத்தான் நினைத்திருந்தோம். மருத்துவர் தடுத்தார். மாதக் கணக்கில் வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். சட்டென்று நிறுத்தினால் உடம்பில் அந்த ஹார்மோனே இருக்காது. வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் இறங்குவது, உயிருக்கே ஆபத்தும் உண்டு. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அவர் படிப்படியாகக் குறைப்பார். உம்மாவுக்குப் பல வாரம் ஆயிற்று.

சிலர் எங்களைக் கோபித்தார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. ஒரு லாத்தா கதவைத் திறக்கவே இல்லை. வேறொரு பெரியவர், "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, இன்னும் ரெண்டு பொட்டலம் இருந்தாக் குடு" என்றார். வலி இல்லாத வாழ்க்கை அவருக்கு அவ்வளவு அருமையாக இருந்திருக்கிறது. அவரைக் கையோடு பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனோம். அவருடைய கண் அழுத்தமும் ஏறியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், சொட்டு மருந்தில் அடங்கிவிட்டது.

உம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை நடந்தது. கட்டை அவிழ்த்தபோது பேத்தியைப் பார்த்து, "பல்லு விழுந்திருச்சா உனக்கு?" என்றார்கள். பல் விழுந்து மூன்று மாதமாகியிருந்தது. புரையை நீக்கினால் பார்வை திரும்பும். ஆனால் அழுத்தத்தால் பட்டுப்போன நரம்பு திரும்பாது. வலது கண்ணின் ஓரப் பார்வையில் ஒரு பகுதி போய்விட்டது. அது போனது போனதுதான். மீதியைக் காக்க ஆயுள் முழுவதும் இரவில் சொட்டு மருந்து விட வேண்டும்.

அந்தச் சொட்டு மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடுத்த ரமலான் வந்ததும் உம்மா பகல் நேரத்துச் சொட்டு மருந்தை நிறுத்தியிருந்தார்கள், நோன்பு முறியும் என்று. 1997ல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தாலும் ஊட்டச்சத்து அல்லாத ஊசியாலும் நோன்பு முறியாது என்று தீர்மானித்திருக்கிறது. இன்சுலின் ஊசியும் அதில் அடங்கும். உஸ்தாத் வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் உம்மா சமாதானமானார்கள். ஆனால் ஊசி போடுபவர் நோன்பு வைக்கலாமா, அளவை எப்படி மாற்றுவது என்பதை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுபோலவே புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில நாட்கள் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, தலையைத் தாழ்த்தக்கூடாது என்பார்கள். ஒளுவும் சுஜூதும் எப்படி என்பதை முன்னதாகவே உஸ்தாதிடமும் மருத்துவரிடமும் கேட்டு வையுங்கள். இந்தச் சந்தேகத்தால் சிகிச்சையையே தள்ளிப்போடும் மூத்தோர் நம்மில் இருக்கிறார்கள்.

அன்பானவர்களே, நேரமாகிவிட்டது. நாங்கள் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

நீரிழிவு உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலதுறை மருந்தகத்தில் எடுக்கிறார்கள், சில நிமிட வேலை. கண்ணாடிக் கடையில் எழுத்து வாசிப்பது வேறு, இது வேறு. 40 வயதைத் தாண்டியவர்கள் கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூலிகை, தைலம், ஊரிலிருந்து வந்த லேகியம், தோலுக்குப் பூசும் களிம்பு எதையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளே, உங்கள் உம்மாவும் வாப்பாவும் 'வயசாச்சு' என்று சொன்னால், 'எப்போதிலிருந்து?' என்று கேளுங்கள். வயது ஒரே மாதத்தில் வந்துவிடாது. ஒரே மாதத்தில் மங்கினால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது.

வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் ஒன்று. சரக்கில் உள்ள குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள். குறை இருக்கிறதா என்றே தெரியாத சரக்கைத் தட்டில் வைக்கக்கூடாது என்பதும் அதில் அடக்கம் என்று நாங்கள் தாமதமாகத்தான் கற்றோம். உள்ளே இருப்பது என்ன என்று எழுதாத மருந்தை, எவ்வளவு லாபம் வந்தாலும் கடைக்குள் விடாதீர்கள்.

இந்தச் சங்கம் அடுத்த ஐம்பது ஆண்டில் ஆண்டுக்கு ஒரு நாளைக் கண் பரிசோதனைக்கு ஒதுக்க வேண்டும் என்று செயலவையைக் கேட்டுக்கொள்கிறோம். முதல் ஆண்டுச் செலவை எங்கள் கடை ஏற்கும், இன்ஷா அல்லாஹ்.

இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று உம்மாவிடம் அனுமதி கேட்டோம். "சொல்லுங்க. நானும் மறைச்சேன்ல, அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார்கள். அவர்கள் இப்போது பெண்கள் பகுதியில் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நேராகப் பார்ப்பதால் எங்களை நன்றாகத் தெரியும். வலப்பக்கம் இருப்பவர்களை அவர்கள் தலையைத் திருப்பினால்தான் பார்க்க முடியும். நிகழ்ச்சி முடிந்து அவர்களுக்கு ஸலாம் சொல்பவர்கள் தயவுசெய்து முன்னால் வந்து சொல்லுங்கள். வலப்பக்கத்திலிருந்து சொன்னால், கவனிக்கவில்லை என்று தவறாக எண்ணிவிடாதீர்கள்.

நம் எல்லாருடைய பார்வையையும் அல்லாஹ் கடைசி வரை பாதுகாப்பானாக, ஆமீன்.